டர்பன் வசந்தத்தில் லாவெண்டர் நிறக் கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் நமக்கு வசந்தம் என்றால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர். இந்த மூன்று மாதத்தில் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள், அதிலும் "எல்லாம் லாவெண்டர் நிறத்தில் இருக்கணும், ஆனால் தாலி, ஹோமம், கூறை ஒன்றும் விட்டுப்போகக் கூடாது" என்று சொல்லும் ஜோடிகள், திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். டர்பனை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பிரிட்டோரியா, ஜோபர்க் பக்கம் மாறுகிற விஷயங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வசந்தத்தில் எந்தத் தேதிகள் கிடைக்கும்?

நிறம், பூ, கேக் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள். பார்க்கத்தான் மூன்று மாதம், நமக்குக் கல்யாணத்துக்கு உதவுவது அதில் கொஞ்சம்தான். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும், அது அக்டோபர் நடுவரை போகும். இந்த ஊரில் புரட்டாசியை நாம் எப்படி அனுசரிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்: மாதம் முழுக்க வீட்டில் மாமிசம் கிடையாது, சனிக்கிழமை விரதம், கோவிந்தா பூஜை. அந்த மாதத்தில் கல்யாணம் என்று பேச்செடுத்தாலே ஆயா எழுந்து உள்ளே போய்விடுவார். ஹெரிடேஜ் டே பொது விடுமுறை செப்டம்பர் 24, ஆகவே அந்த நீண்ட வார இறுதி எந்த வருஷமும் புரட்டாசிக்குள்தான் விழும். ஹால்காரர்கள் அதைக் காட்டி ஆசை காட்டினால் மயங்காதீர்கள்.

மீதி இருப்பது மூன்று துண்டு. செப்டம்பர் முதல் இரண்டு வாரம், அதாவது ஆவணியின் கடைசி. அப்புறம் அக்டோபர் பதினேழு பதினெட்டில் தொடங்கும் ஐப்பசி, அதில் தீபாவளியையும் அதற்கடுத்த கந்த சஷ்டி ஆறு நாளையும் கழித்துவிடுங்கள். கடைசியாக நவம்பர் பின்பாதி, கார்த்திகை.

உதாரணத்துக்கு 2026-ஐ எடுத்துக்கொள்வோம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முன்னால் ஐப்பசியில் உருப்படியாக இருப்பது அக்டோபர் 24-25, அக்டோபர் 31-நவம்பர் 1 என்ற இரண்டு வார இறுதிகள். பௌர்ணமி அக்டோபர் 26-ல் வருவதால் முதலாவது வளர்பிறை, இரண்டாவது தேய்பிறை. வளர்பிறைதான் வேண்டும் என்கிற குடும்பம் என்றால் டர்பன் முழுக்க அந்த ஒரே சனி-ஞாயிறுக்குத்தான் ஹால் தேடும். நட்சத்திரமும் லக்னமும் உங்கள் குருக்கள் பார்க்கட்டும், ஆனால் ஹாலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்கட்டும்.

இன்னொன்று: அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க மெட்ரிக் பரீட்சை. பன்னிரண்டாவது படிக்கிற தம்பி தங்கை இருந்தால் அவர்களுடைய டைம்டேபிளையும் ஒரு கண் பாருங்கள். தோழியாக நிற்க வேண்டிய பெண் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சையை நினைத்துக்கொண்டு மேடையில் நின்றால் முகம் போட்டோவில் தெரியும்.

இந்தியப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. திதி, நட்சத்திரம் முடிகிற நேரத்தில் மூன்றரை மணி நேரம் கழித்தால் நம் நேரம் வந்துவிடும், அது சுலபம். ராகு காலம் அப்படி இல்லை, அது உள்ளூர்ச் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துக் கணக்கிடுவது. பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். காலண்டரில் அச்சடித்திருக்கும் "சனி 9 முதல் 10.30" என்பது ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிற நாளுக்கு உரியது. நவம்பர் தொடக்கத்தில் இங்கே ஐந்து மணிக்கே வெளிச்சம். ஐந்துக்கு உதித்து ஆறே காலுக்கு மறைந்தால் ஒரு பங்கு கிட்டத்தட்ட நூறு நிமிஷம், சனிக்கிழமை ராகு காலம் சுமார் 8.20-க்குத் தொடங்கி 10 மணிக்கு முடிந்துவிடும். அதாவது 10.15 முகூர்த்தம் தாராளமாக வைக்கலாம். ஞாயிறு ராகு காலம் மாலை கடைசிப் பங்கு என்பதால் பகல் முழுக்கத் தொல்லை இல்லை. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் இவ்வளவு நடப்பதற்கு லீவு நாள் என்பதோடு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

லாவெண்டர் நம் சடங்குக்கு ஒத்துவருமா? மஞ்சள், குங்குமம், வாழை எல்லாம் அடிக்காதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு தப்பான முடிவோடுதான் வருகிறார்கள்: "மஞ்சளைக் குறைத்துவிடலாம், சாமந்தி வேண்டாம், வாழை மரத்துக்கு வெள்ளைத் துணி சுற்றலாம்." வேண்டாம். மஞ்சளும் ஊதாவும் நிறச் சக்கரத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிற நிறங்கள், ஒன்று பக்கத்தில் இருந்தால் மற்றது எடுப்பாகத் தெரியும். தாலிக் கயிற்றின் மஞ்சளும், அட்சதையின் மஞ்சளும், வாசலில் தொங்கும் சாமந்தியும் லாவெண்டருக்கு வாய்த்த ஜோடி. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற லாவெண்டர்-வெள்ளை-சாம்பல் கூட்டணியை அப்படியே மணவறையில் கொண்டுவந்தால்தான் சோகையாக இருக்கும், பிறகு அதில் குங்குமத் தட்டு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

நான் சொல்லும் வழி இது. சடங்குக்கு உரிய பொருள் எதுவோ அது அதன் நிறத்திலேயே இருக்கட்டும்: மஞ்சள், குங்குமம், வாழை, மாவிலை, தேங்காய், பித்தளை, கூறை. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் உங்கள் இஷ்டம்: திரைத் துணி, மேஜை விரிப்பு, தோழிகள் புடவை, பத்திரிகை, கேக், விருந்தினர் வரிசையின் பூ. லாவெண்டர் பின்னணியில் இருக்கும்போது குத்துவிளக்கின் பித்தளை பளிச்சென்று வரும். வெள்ளிச் சாமான் இதில் கொஞ்சம் அமுங்கிப்போகும், ஆகவே வாடகைக்கு எடுப்பதானால் பித்தளையே எடுங்கள்.

குங்குமச் சிவப்பு ஒன்றுதான் இடிக்கும். அதைச் சின்ன அளவில், தட்டிலும் நெற்றியிலும் மட்டும் வைத்தால் பிரச்சினை இல்லை. சிவப்புக் கம்பளத்தை மட்டும் ஹாலில் சுருட்டி வைக்கச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் "ஊதா துக்க நிறம்" என்கிறார்களே?

கறுப்புக்குத்தான் நம் வீடுகளில் உண்மையான ஆட்சேபம். ஆழ்ந்த ஊதா, கத்தரிக்காய் நிறம் வரைக்கும் போனால் அது கறுப்புக்குப் பக்கத்தில் போகிறது என்று முகம் சுளிப்பார்கள், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, இரவு வெளிச்சத்தில் அது கறுப்பாகத்தான் தெரியும். வெளிர் லாவெண்டரில் ஜரிகை போட்ட பட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். மீதியை அத்தையிடம் விடுங்கள். அத்தைக்கு நீங்கள் முதலிலேயே லாவெண்டரில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

லாவெண்டரில் எந்த லாவெண்டர்? கடைக்குக் கடை மாறுகிறதே.

மாறத்தான் செய்யும். நீலம் கலந்தது ஒன்று, ரோஜா கலந்தது ஒன்று, சாம்பல் கலந்தது ஒன்று. நம் தோல் நிறத்துக்கு ரோஜா கலந்ததுதான் பொருந்துகிறது என்பது என் கருத்து. சாம்பல் கலந்தது துணிக்கடையில் அழகாக இருக்கும், முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் முகத்தின் களையை எடுத்துவிடும்.

போனில் படம் அனுப்பி நிறம் பேசாதீர்கள். ஒரு முழத் துணி வாங்கி நான்கு துண்டாக வெட்டி, டெக்கர் செய்பவர், பூக்காரர், கேக் செய்பவர், தையல்காரர் என்று ஆளுக்கு ஒன்று கையில் கொடுங்கள். அப்புறம் அதே துணியை ஹாலுக்கு எடுத்துப்போய், முகூர்த்தம் நடக்கப்போகிற அதே நேரத்தில், விளக்கைப் போட்டு மேடையில் பிடித்துப் பாருங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பழைய ஹால்களில் மஞ்சள் பல்புக்குக் கீழே லாவெண்டர் மங்கிய ரோஜா நிறமாகிவிடும், வெள்ளை டியூப் லைட்டில் நீலமாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில்தான் அது தன் நிறத்தில் இருக்கும். அதனால் பெரிய ஜன்னல் உள்ள ஹாலும் காலை முகூர்த்தமும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தரையிலிருந்து மேலே அடிக்கிற ஊதா எல்.இ.டி. விளக்கு வேண்டவே வேண்டாம், சடங்கு முடிகிற வரைக்குமாவது. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பழுப்பாகத் தெரியும், தாலிக் கயிறு நனைந்த சணல் கயிறு மாதிரி இருக்கும், முகத்தில் ரத்தமே இல்லாதது போல இருக்கும். மாலை வரவேற்பில் சுவருக்கு மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.

மணப்பெண் லாவெண்டர் பட்டுக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் எப்போது என்பதுதான் முக்கியம். கூறைப் புடவை உங்கள் குடும்பத்தில் என்ன நிறமோ அதுவே இருக்கட்டும். மேடைக்கு வரும்போது லாவெண்டர், கூறை மாற்றி வந்த பிறகு சிவப்போ அரக்கோ. இப்படிச் செய்தால் இரண்டுக்கும் மரியாதை. வரவேற்புக்கு மறுபடியும் லாவெண்டர் வேண்டுமானால் அப்போது லெஹங்காவோ கவுனோ, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பட்டு எடுக்கும்போது பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த இரட்டை நிறத்தைக் கேளுங்கள். லாவெண்டரும் ரோஜாவும் சேர்ந்தது மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். ஒற்றை நிற வெளிர் பட்டு, வீடியோ வெளிச்சத்தில் வெள்ளையாகிப் போய்விடும் அபாயம் உண்டு.

நலங்கு அன்றைக்கு மட்டும் லாவெண்டர் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் கறை லாவெண்டர் பட்டில் விழுந்தால் மஞ்சளாகக்கூடத் தெரியாது, அழுக்குப் பழுப்பாகத் தெரியும். பதறிப்போய் சோப்புப் போட்டால் இன்னும் மோசம், காரம் பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். ஆலத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பு வருகிறதே, அதே வேலைதான். பருத்தித் துணியாக இருந்தால் வெயிலில் போட்டால் மஞ்சள் கறை மங்கிவிடும், பட்டை வெயிலில் போட்டால் லாவெண்டர்ச் சாயமும் சேர்ந்து போய்விடும். ஆகவே நலங்குக்குப் பழைய மஞ்சள் பருத்திப் புடவை. வாசலில் ஆலத்தி எடுக்கும் மாமியிடம் தட்டைக் கொஞ்சம் தள்ளிச் சுற்றச் சொல்லுங்கள், முந்தானையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கும் விருந்தினருக்கும்?

மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியில் லாவெண்டர்க் கரை போதும், அங்கவஸ்திரமும் அதே கரை. மாப்பிள்ளைத் தோழர்களுக்கு லாவெண்டர்ச் சட்டை, வெள்ளை வேட்டி. கழுத்துப்பட்டி போட்ட சூட் எல்லாம் மாலைக்கு. விருந்தினர் அத்தனை பேரையும் லாவெண்டரில் வரச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு ஊதாவில் வருவார்கள், மணப்பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிவரும்.

நிஜ லாவெண்டர்ப் பூ கிடைக்குமா? மாலைக்கு என்ன பூ?

டர்பன் ஈரக்காற்றில் லாவெண்டர்ச் செடி சரியாக வராது, வேர் அழுகிவிடும். வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் உள்ள கேப் பக்கத்தில், டிரேக்கன்ஸ்பர்க் பக்கத்தில் வளர்கிறது, அங்கேயும் பூ பொங்குவது வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும்தான். செப்டம்பர்க் கல்யாணத்துக்குப் புதுப் பூவை எதிர்பார்க்க வேண்டாம். உலர்ந்த லாவெண்டர்க் கட்டு எப்போதும் கிடைக்கும், அதை விருந்தினர் கையில் கொடுக்கிற சின்னத் துணிப் பையில் போடுங்கள், மணவறையில் வைக்காதீர்கள். ஹோமப் புகை, சாம்பிராணி, மல்லிகை மூன்றும் இருக்கிற இடத்தில் நான்காவதாக லாவெண்டர் வாசனை சேர்ந்தால் தலைவலிதான்.

நிறத்துக்கு வேறு பூக்கள் இருக்கின்றன. மாலைக்கு டென்ட்ரோபியம் ஆர்க்கிட்: எடை குறைவு, வாடாது, டர்பன் சூட்டிலும் மதியம் வரை நிற்கும். ஸ்டாட்டிஸ் என்று ஒரு பூ, காய்ந்த பிறகும் நிறம் மாறாது, தோரணத்துக்கும் தூணுக்கும் நல்லது, விலையும் மலிவு. லிசியாந்தஸ் ரோஜா மாதிரி இதழ் விரியும், மேஜைக்கு அழகு. ஸ்வீட் பீ செப்டம்பரில் நன்றாக வரும், ஆனால் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது. ஹைட்ரேஞ்சியாவைத் தண்ணீர் இல்லாமல் வைத்தால் கண் முன்னாலேயே தொங்கிவிடும்.

மாலை கட்டுபவரிடம் "ஆர்க்கிட் நடுவில், இரண்டு பக்கமும் வெள்ளைச் சாமந்தி, முடிச்சுக்கு முடிச்சு ஒரு மஞ்சள்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு மஞ்சள் இல்லாவிட்டால் மாலை தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரியும்.

தோட்டத்தில் கல்யாணம் என்றால், இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற யெஸ்டர்டே-டுடே-டுமாரோ செடியைத் தேடுங்கள். வசந்தத்தில் ஒரே செடியில் ஊதா, லாவெண்டர், வெள்ளை மூன்றும் பூத்திருக்கும், மணமும் உண்டு. பறித்தால் நிற்காது, செடியாகவே இருக்கட்டும். வீட்டு நாய் அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய்க்கு விஷம்.

ஜக்கரண்டா பூக்கிற சமயத்தில் கல்யாணம் வைத்தால்?

ஐப்பசிக் கல்யாணத்துக்கு இதைவிட என்ன வேண்டும். பிரிட்டோரியாவில் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முதல் பாதி வரைக்கும் தெருத் தெருவாக இந்த மரம் பூத்து லாவெண்டர் நிறம்தான், நீங்கள் ஒரு ரேண்ட் செலவழிக்க வேண்டாம். 1888-ல் சன்னிசைடில் நட்ட இரண்டு மரத்திலிருந்து தொடங்கியது என்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனின் பெரிய சாலைகளிலும் மரங்கள் உண்டு, ஆனால் பிரிட்டோரியா அளவுக்கு அடர்த்தி இல்லை. மரபஸ்டாட் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டிவிட்டுப் போட்டோவுக்கு யூனியன் பில்டிங் பக்கம் போவதென்றால் வழியெல்லாம் மரம்தான். க்ரூன்க்ளூஃபில் ஹெர்பர்ட் பேக்கர் தெருவில் வெள்ளை ஜக்கரண்டாவே இருக்கிறது, லாவெண்டர்ப் புடவைக்கு அது நல்ல பின்னணி. சனிக்கிழமை பத்து ஜோடி அங்கே வரிசையில் நிற்கும், காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

மூன்று எச்சரிக்கை. கிளை வெட்டி ஜாடியில் வைக்க நினைக்காதீர்கள், வீட்டுக்கு வருவதற்குள் பூ உதிர்ந்துவிடும். உதிர்ந்த பூ வழுக்கும், பட்டுப் புடவையும் ஹீல்ஸுமாக நடக்கும்போது ஒரு கை பிடித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பூவுக்குள் தேனீ இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுப் போஸ் கொடுக்காதீர்கள். "வீட்டு வாசலில் ஒன்று நட்டு வைக்கலாமா, நினைவாக இருக்குமே" என்று கேட்பவர்களுக்கு: அது தென் அமெரிக்க மரம், இங்கே பல மாகாணங்களில் அந்நியத் தாவரப் பட்டியலில் இருக்கிறது, உங்கள் இடத்துக்கு என்ன விதி என்று கேட்காமல் நடாதீர்கள். பிரிட்டோரியா மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு, தலையில் ஜக்கரண்டா விழுந்தால் பரீட்சையில் தேறிவிடலாமாம். மெட்ரிக் எழுதுகிற அந்தத் தோழிப் பெண்ணை மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள்.

மணவறையில் துணித் திரை போட்டால் ஹோமத்துக்குப் பயமில்லையா?

பயம் உண்டு. லாவெண்டர்த் திரை என்று கொண்டுவருவது பெரும்பாலும் பாலியெஸ்டர், தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும். ஹோம குண்டத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் தொங்குகிற துணி எதுவும் இருக்க வேண்டாம், தலைக்கு மேலே தாழத் தொங்குவதும் வேண்டாம். தூணுக்கு வாழையும் பூவும் கட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும், கவலையும் இல்லை. ஹாலில் புகை அலாரம் இருந்தால் ஹோம நேரத்துக்கு என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை. தீயணைப்புக் கருவி மேடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதன் மேல் லாவெண்டர்த் துணியைச் சுற்றி அலங்கரிக்காமல் இருக்கட்டும்.

மழை, காற்று?

வசந்தம் தொடங்கும்போது பெர்க் காற்று அடிக்கும், உள்நாட்டிலிருந்து சுடச்சுட வரும், அன்று மாலையே தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பி வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். வெட்டவெளிப் பந்தல் போட்டால் கால்களுக்கு எடைக்கல் கட்டாயம். அக்டோபருக்குப் பிறகு டர்பனில் மழை அதிகம், கூடாரத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் தோட்டத்தை நம்பாதீர்கள். பிரிட்டோரியா, ஜோபர்க் இருக்கிற கௌடெங் பக்கம் மழை பிற்பகலில் இடியோடு, சில நாள் ஆலங்கட்டியோடு வரும், ஆகவே அங்கே சடங்கையும் போட்டோவையும் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) குறைந்துவிட்டது என்றாலும் மின்சாரம் போவது போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கோவிலில் தாலி கட்டினால் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடுமா?

தானாக ஆகாது. நடத்தி வைக்கிற குருக்கள் அரசு நியமித்த மேரேஜ் ஆபீசராக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். குருக்களிடம் தட்சிணை பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 1961-ஆம் வருஷத்து மேரேஜ் சட்டம் இரண்டு சாட்சி கேட்கிறது, கட்டடத்துக்குள் கதவு திறந்த நிலையில் நடக்க வேண்டும் என்கிறது. மரத்தடியில் தாலி கட்டுகிறவர்கள் கையெழுத்தை உள்ளே வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சொத்து. ஒன்றும் செய்யாமல் விட்டால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். அது வேண்டாம் என்றால் ஏ.என்.சி. (ஆன்டிநப்ஷியல் காண்ட்ராக்ட்) என்கிற சொத்து ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சொந்தத் தொழில் செய்கிறார் என்றால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். பூக்காரருக்கு மூன்று தடவை போன் செய்கிற ஜோடிகள் நோட்டரிக்கு ஒரு தடவைகூடச் செய்வதில்லை.

"இந்தக் காகிதம் எதற்கு, நம் பெரியவர்கள் சாமி முன்னால்தானே கட்டினார்கள்" என்று யாராவது சொன்னால், 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பைச் சொல்லுங்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் செல்லாது என்றார். அந்த வருஷம் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள், அதுவும் ஒரு அக்டோபரில்தான். சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம்தான் நம் கல்யாணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகும், போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டிலும் லாவெண்டர் வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். கல்யாணச் சாப்பாடு காய்கறி பிரியாணி, டால், மோர், பீன்ஸ் கறி, அப்பளம், சோஜி, அதில் யாரும் கைவைக்க வேண்டாம். ஊதாவாக ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றால் கத்தரிக்காய்க் கறி இருக்கிறது. வரவேற்பில் குடிக்க மட்டும் ஒரு வேடிக்கை செய்யலாம்: உலர்ந்த சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் நீலம் இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் அதுவே ஊதாவாகும், சர்க்கரையும் ஐஸும் போட்டால் லாவெண்டர் நிறத்தில் சர்பத். விருந்தினர் முன்னால் பிழிந்து காட்டினால் குழந்தைகள் அந்த மேஜையை விட்டு நகராது. கேக்கில் லாவெண்டர் சேர்ப்பதானால் சமையலுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள், அலங்காரப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள். அளவும் கை நடுங்கிப் போட வேண்டும், அதிகமானால் சோப்பு ருசி.

ராத்திரி ஆட்டம் முடிந்து பசிக்கிறவர்களுக்குச் சின்ன பீன்ஸ் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி. இதற்கு நன்றி சொல்லாத விருந்தினரை நான் பார்த்ததில்லை.

பத்திரிகை, சடங்குக் கையேடு?

பத்திரிகை லாவெண்டரில் இருக்கலாம், எழுத்து அதே நிறத்தில் வேண்டாம், தாத்தா படிக்க முடியாது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ மறக்காதீர்கள், லாவெண்டர்த் தாளில் அது எடுப்பாகவே இருக்கும். வேலை இடத்து நண்பர்கள், அக்கம்பக்கத்து ஸுலு, ஆஃப்ரிக்கான்ஸ் குடும்பங்கள் வருவார்கள், அவர்களுக்கு ஒரு தாளில் எந்தச் சடங்கு எதற்கு என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து அட்சதை போட வேண்டும் என்று அதிலேயே சொல்லிவிட்டால் எல்லோர் கையிலிருந்தும் ஒன்றாக விழும், போட்டோவும் அமையும்.

செலவைக் குறைக்க எதை விடலாம்?

நாற்காலி உறை. அதற்குப் பிறகு நாற்காலி உறைக்குக் கட்டுகிற ரிப்பன். ஹாலின் பின் பாதி அலங்காரம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் மணவறையில் வைத்த ஜாடிகளை மாலையில் வரவேற்பு மேஜைக்கு மாற்ற ஒரு ஆளை நியமித்தால் பூச்செலவு நன்றாகவே குறையும். பூமாலையிலும் குருக்களிலும் போட்டோகிராபரிலும் பேரம் பேசாதீர்கள்.

மாமாக்கள் ரக்பி ஆட்டம் பார்க்கப் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். உலகக் கோப்பை நடக்கிற வருஷங்களில் அது நம் வசந்தத்தில்தான் விழுகிறது. 2027 போட்டி ஆஸ்திரேலியாவில், அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை, அதாவது அங்கே மாலை ஆட்டம் இங்கே முற்பகலில், சரியாக முகூர்த்த நேரத்தில். நம் தேசிய அணியான ஸ்பிரிங்பாக்கின் ஆட்ட அட்டவணையைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். நாள் மாற்ற முடியாவிட்டால் சாப்பாட்டு ஹாலில் ஒரு டி.வி. வையுங்கள், தாலி கட்டி முடிகிற வரைக்கும் அதன் ரிமோட் பெரியத்தையின் கைப்பையில் இருக்கட்டும்.